ஒரு ஆள் போகும் அகலம்

முத்துக்கருப்பன் தத்துவம் கேட்கப் போனது மின்விசிறிக்காகத்தான். இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் வார்க்கிற கம்பெனி ஒன்றில் அவருக்கு சூப்பர்வைசர் வேலை. பசுமலையில் வாடகை வீடு. வாய் பேசுவதற்கு முன்னால் கை நீளுகிற சுபாவம். ஒரு நாள் திருமங்கலம் ரோட்டில் தன் பைக்கை உரசிவிட்டு நிற்காமல் போன லாரியைத் துரத்திப் பிடித்தார். டிரைவரின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்தார். கோணிப்போன வாய் நேராவதற்குப் பல வாரங்கள் ஆயின. டாக்டர் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் நடக்கச் சொன்னார். இனிமேல் கோபப்பட்டால் தன்னிடம் வர வேண்டாம் என்றும் சொன்னார்.

அவர் நடக்கிற வழியில் ஒரு கல்லூரியின் பழைய கூடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் தமிழ்ச்செல்வி என்ற ஓய்வு பெற்ற பேராசிரியை அங்கே பொதுமக்களுக்குத் தத்துவ வகுப்பு எடுத்தார். பொதுமக்கள் என்றால் ரிட்டயர்டு ஆட்கள் சிலர், சான்றிதழுக்காக வந்த மாணவர்கள் சிலர், முடிவில் கொடுக்கிற சுண்டலை நம்பிக் கடைசி வரிசையில் தூங்குகிற ஒருவர். சித்திரை வெயிலில் வேர்த்து வடிந்துகொண்டு வந்த முத்துக்கருப்பன், விசிறிக்கு நேர் கீழே ஒரு நாற்காலி சும்மா கிடப்பதைப் பார்த்தார். உள்ளே போய் உட்கார்ந்தார்.

அந்த அம்மாள் மேடையில் ஏறாமல், கீழேயே நின்று பேசினார். பழைய கிரேக்க நாட்டில் ஒரு ஞானி இருந்தாராம். நல்ல குணம் என்பது கூடுதலுக்கும் குறைவுக்கும் நடுவில் இருக்கிறது என்பது அவர் கட்சி. பயந்து ஓடுகிறவன் ஒரு முனையில், கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறவன் மறு முனையில், வீரன் நடுவில். கஞ்சன் ஒரு முனையில், ஊதாரி மறு முனையில், கொடையாளி நடுவில். "கோபத்துக்கும் அப்படி ஒரு நடு உண்டு" என்று சொல்லிவிட்டு மணியைப் பார்த்தார் பேராசிரியை. "அந்த நடுவை எப்படிக் கண்டுபிடிக்கிறது, அதுதான் கஷ்டம். அதை அடுத்த ஞாயிறு பார்ப்போம்."

முத்துக்கருப்பனுக்குப் பொட்டில் அறைந்தாற்போல இருந்தது. கோபத்தை விடு, விடு என்று அவரிடம் சொல்லாத ஆள் கிடையாது. கோபத்துக்கு ஒரு அளவு இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. கம்பெனியில் தினமும் பார்க்கிற சங்கதிதானே இது. சூடு கூடினால் குடம் கருகும், குறைந்தால் குடத்தின் வாய் சரியாகச் சேராது. இத்தனை வருஷம் மெஷினுக்குப் பார்த்த சூட்டைத் தனக்குப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு, சுண்டல்கூட வாங்காமல் வீட்டுக்கு நடந்தார்.

மறுநாளே மனிதர் மாறிவிட்டார். குடத்தில் ஓட்டை விழுந்ததற்கு, "பரவாயில்ல, பாத்துச் செய்யுங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு ஆட்கள் பயந்தே போனார்கள். உடம்பு மறுபடி முடியாமல் போய்விட்டதோ என்று ஒருத்தர் அவர் மனைவி முனீஸ்வரிக்குப் போன் போட்டு விசாரித்தார். முனீஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. கல்யாணமான நாளாக அவள் வேண்டாத சாமி இல்லை. சாமி செய்யாததை ஒரு ஃபேன் செய்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இந்தச் சந்தோஷம் கலையாமல் இருந்த அதே வாரத்தில்தான் அக்கா மாயக்காளிடமிருந்து போன் வந்தது.

மாயக்காளைச் செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் கட்டிக் கொடுத்திருந்தது. அக்காளும் தம்பியும் சண்டை போட்டே வளர்ந்தவர்கள். பெரியவர்களான பிறகும் அது நிற்கவில்லை. அக்கா மகள் சத்யப்ரியாவின் காதுகுத்தில் தாய்மாமனுக்குப் போட வேண்டிய மாலையை முதலில் வேறு யாருக்கோ போட்டுவிட்டார்கள் என்று பந்தியில் இலையைக் கவிழ்த்துவிட்டு எழுந்து போனவர் முத்துக்கருப்பன். பஸ் ஸ்டாப் வரை பின்னாலேயே ஓடி வந்து, நடு ரோட்டில் முதுகில் நாலு வைத்து, அவரை இழுத்துக்கொண்டு போய் மறு இலை போட்டவள் மாயக்காள். எப்போது அக்கா ஊருக்குப் போனாலும் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "அக்கோவ்" என்று ஒரு சத்தம் போடுவார். "வந்துட்டியாடா, தெருவுல ஒருத்தரும் தூங்கக் கூடாதே" என்று உள்ளிருந்து பதில் வரும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அது பழக்கம்.

மாயக்காளின் புருஷன் இறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. சத்யப்ரியா திருப்பூரில் இருந்தாள். முன்பக்கம் கொழுந்தன் பேயாண்டி குடும்பம், பின்பக்கம் மாயக்காள் மட்டும். அவள் வீட்டுக்குப் போக, பேயாண்டி வீட்டை ஒட்டிப் போகிற முடுக்குச் சந்து ஒன்றுதான் வழி. மாட்டுவண்டி போகிற அளவுக்கு அகலமானது.

"டேய் முத்து, பேயாண்டி முடுக்குல செவரு வைக்கப் போறான்டா" என்றாள் மாயக்காள். "மகன் மினி வேன் வாங்கிருக்கானாம், அத நிப்பாட்டணுமாம். அஸ்திவாரம் தோண்டிட்டான். ஞாயித்துக்கெழம வந்து கேளுடா."

கேட்பது என்றால் விசாரிப்பது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துவிடக் கூடாது. இந்தப் பக்கத்தில் கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு ஒன்று என்றால், பிறந்த வீட்டு ஆண்கள் வந்து தெருவில் நிற்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊர் கூடுகிற வரைக்கும் சத்தம் போட வேண்டும். பெரும்பாலும் யாரும் யாரையும் தொட மாட்டார்கள். சத்தம் போட்டு முடித்ததும் பெரியவர்கள் வருவார்கள், சமாதானம் நடக்கும், காபிகூட வரும். ஆனால் அந்தச் சத்தம்தான் அவளுக்கு வேலி. அவளுக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால், பிறகு அவளிடம் யாரும் வாலாட்ட மாட்டார்கள். மாயக்காள் கேட்டது அதைத்தான். அவளுக்கு அந்த விஷயத்தில் கவலையே இருந்திருக்காது. ஜில்லாவிலேயே பெரிய கோபக்காரன் அவள் தம்பி.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை விட்டுவிட்டு முத்துக்கருப்பன் கிளம்பினார். "மாத்திரையப் போட்டுட்டுப் போங்க. சத்தம் கித்தம் போட்டுறாதீங்க" என்றாள் முனீஸ்வரி. அவர் சிரித்தார். தான் இப்போது முனீஸ்வரி பயப்படுகிற அந்தப் பழைய ஆள் இல்லை என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.

தெருமுனையில் அவர் சத்தம் கொடுக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்தார். மாயக்காள் தோண்டிய அஸ்திவாரக் குழியின் மேட்டில் உட்கார்ந்திருந்தாள். ஊர்ப் பெரியவர்கள் வேப்பமரத்தடியில் இருந்தார்கள். கொத்தனார் கரண்டியை வைத்துவிட்டுச் சும்மா நின்றார். பேயாண்டியின் கை தோளில் கிடந்த துண்டை முறுக்கிக்கொண்டே இருந்தது. முத்துக்கருப்பன் அதைப் பார்த்தார். பதறுகிற மனிதனிடம் மெதுவாகத்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

"மச்சான், ஒங்க சங்கடம் என்னன்னு சொல்லுங்க" என்றார்.

மரத்தடியில் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேயாண்டி வண்டியைச் சொன்னார், தெருவில் நிறுத்தினால் கண்ணாடியை உடைக்கிறார்கள் என்றார். மாயக்காள் பாதையைச் சொன்னாள். முத்துக்கருப்பன் இருவரையும் கேட்டார். ஒரு முனையில் முழுப் பாதை, மறு முனையில் பாதையே இல்லை. நடுவில் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

"ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. செவரு வரட்டும். ஒரு ஆள் தாராளமா நடக்குற அளவுக்கு எடம் விட்டு வரட்டும். யாருக்கும் பாதகமில்ல" என்றார்.

"படிச்ச மனுசன் மாதிரிப் பேசுறாரப்பா" என்றார் ஒரு பெரியவர். முத்துக்கருப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. தலை வலிக்கவில்லை, கை நடுங்கவில்லை. நான்கு பேர் முன்னால் அவர் நிதானமாக நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அக்கா பக்கம் திரும்பினார். அவள் மேட்டை விட்டு எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"நீ எந்தப் பக்கம்டா?" என்றாள்.

"நான் நியாயத்துப் பக்கம்க்கா."

"நியாயத்துக்கு ஊருல ஆளு இருக்குடா. எனக்குத்தான் இல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்குக் காபி பேயாண்டி வீட்டிலிருந்துதான் வந்தது.

சுவர் எழும்பியது. பூசாத செங்கல் சுவர். நடுவில் விட்ட சந்தில் ஒரு ஆள் நடக்கலாம்தான். இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு நடக்க முடியாது. புல்லுக்கட்டு போகாது என்று மாயக்காள் பசுவை விற்றுவிட்டாள். வருகிற போகிறவர்கள் குறைந்தார்கள். கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்தும், குரல் சுவரில் முட்டித் திரும்பியது.

முத்துக்கருப்பன் மாதம் ஒரு தடவை போனார். வருவதைப் போனில் சொல்லிவிட்டுப் போனார். அளவாகப் பேசி, அளவாகச் சாப்பிட்டு, பொழுது சாய்வதற்குள் கிளம்பினார். ஒரு தடவை அக்காவின் இரண்டு முழங்கையிலும் தோல் வழண்டு பொருக்குத் தட்டியிருந்ததைப் பார்த்தார். சுவர் உரசியிருக்கிறது. கொஞ்சம் ஒதுங்கி நடந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார். அவரைத் தொந்தரவு செய்தது வேறு விஷயம். மாயக்காள் சண்டை போடுவதை நிறுத்தியிருந்தாள். "வாங்க, உக்காருங்க" என்றாள். "சாப்புடுறீங்களா?" என்றாள். தூக்கி வளர்த்த தம்பியை ஒரு அக்காள் வாங்க போங்க என்று கூப்பிட்டால் அதைவிடப் பெரிய அடி கிடையாது. முதுகில் நாலு வைத்திருந்தால் அவர் சந்தோஷமாக வாங்கியிருப்பார். அக்காவும் பக்குவப்பட்டுவிட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

மறு வருஷம் மாசி வாக்கில், ஒரு ஞாயிறு மறுபடியும் அந்தக் கூடத்தில் போய் உட்கார்ந்தார். வேலை ஷிப்ட் மாறி இடையில் பல வகுப்புகள் தவறியிருந்தன. பேராசிரியை அன்று பழைய பாடத்தையே புதிதாக வந்தவர்களுக்காகத் திரும்ப எடுத்தார்.

"நடு என்றால் கயிற்றை இரண்டாக மடித்துப் பார்க்கிற நடு இல்லை" என்றார். "எள்ளுக்கும் வாழைக்கும் ஒரே அளவு தண்ணீர் பாய்ச்சினால் என்ன ஆகும்? ஒன்று அழுகும், ஒன்று காயும். எள்ளுக்குச் சரியான அளவு வாழைக்குக் கொலை. கோபமும் அப்படித்தான். யாருக்காக, யார்மேல், எந்த நேரத்தில் என்று பார்க்காமல் சரியான அளவைச் சொல்ல முடியாது. சில இடத்தில் கத்துவதுதான் நடு. தன்னை நம்பி நிற்கிற ஒருத்தரை மற்றவர்கள் மிதிக்கும்போது சாந்தமாக நிற்கிறவனை அந்த ஞானி நிதானமானவன் என்று சொல்லவில்லை. அவன் மறு முனைக்குப் போய்விட்டான், அவ்வளவுதான்."

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு முத்துக்கருப்பன் முன்னால் வந்து நின்றார். "அம்மா, போன வருசம் நடுவுல நிக்கணும்னு மட்டுந்தானே சொன்னீங்க?"

பேராசிரியைக்கு அவரை ஞாபகம் இருந்தது. "மிச்சத்தை அடுத்த ஞாயிறு சொல்றேன்னு சொன்னேனே. சொன்னேன். நீங்க அன்னைக்கு வரலை" என்றார்.

அன்று எங்கே இருந்தோம் என்று அவருக்குத் தெரியும். பாதிப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டு முடுக்கில் நடுவராக நின்றுகொண்டிருந்தார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவருக்கு எள்ளையும் வாழையையும் ஒருத்தர் சொல்லித் தர வேண்டியிருந்ததே என்று நடக்கும்போதே அழுகை வந்தது.

அப்போதே வண்டியை எடுத்திருந்தால் இந்தக் கதை இல்லை. சாவியைக் கையில்கூட எடுத்தார். நெஞ்சு படபடவென்று அடித்தது. இது பழைய கோபமாக இருக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. சரியான நேரத்தில், சரியான அளவில் கோபப்பட வேண்டும் அல்லவா. அக்கா ஊரில் அம்மன் கோயிலுக்குப் பொங்கல் சாட்டியிருந்தார்கள், காப்புக் கட்டியிருக்கும்போது போய்ச் சண்டை பிடிக்கக் கூடாது. பொங்கல் முடியட்டும் என்று சாவியை ஆணியில் மாட்டினார். கோபப்படுவதற்கு நாள் பார்த்த மனிதர் இவர் ஒருத்தராகத்தான் இருக்கும். அக்காவுக்குப் போன் மட்டும் செய்தார்.

"அக்கா, பொங்க முடிஞ்சதும் வாரேன். அந்தச் செவத்த நான் கேக்காம விட்டது தப்பு. வந்து கேக்குறேன்."

அந்தப் பக்கம் பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"நெசமாவே கேப்பியாடா?" என்றாள் மாயக்காள்.

அந்த ‘டா’வைக் கேட்டு அவருக்குப் பல மாதம் ஆகியிருந்தது. "கேக்குறேன்க்கா" என்றார்.

"சத்தமாக் கேளுடா. தெருவுல அம்புட்டுப் பேருக்கும் தெரியணும்." பிறகு மெதுவாகச் சொன்னாள். "மாத்திரையப் போட்டுட்டு வா."

பொங்கல் வைக்கிற நாளுக்கு முன்பே மாயக்காள் போய்விட்டாள். காலையில் வாசல் தெளிக்க வரவில்லையே என்று பேயாண்டி மனைவி போய்ப் பார்த்திருக்கிறாள். உறக்கத்திலேயே உயிர் போயிருந்தது.

கம்பெனியில் செய்தி கேட்ட முத்துக்கருப்பன் நேராக விளக்குத்தூண் பக்கம் போய் ஜவுளிக்கடையில் ஏறினார். பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். அக்காவுக்குப் பிடித்த கருநீலத்தில் ஒரு சேலை எடுத்தார். கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டபோது பணத்தை எண்ணி வைத்தார்.

முனீஸ்வரியோடு ஊருக்குள் நுழைந்தபோது, தெருவில் பந்தல் போட்டு, அதன் கீழே கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டியை வைத்திருந்தார்கள். பேயாண்டி வீட்டிலிருந்து ஒயர் இழுத்து கரண்டு கொடுத்திருந்தது. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். முத்துக்கருப்பன் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பெட்டி காலியாக இருந்தது.

"உள்ள போகல மாப்ள" என்றார் மரத்தடிப் பெரியவர். "பெட்டியும் போகல, கட்டிலும் போகல. தூக்கிட்டுத்தான் வரணும். பொறந்த வீட்டாளுக வரட்டும்னு இருந்தோம்."

ஒரு ஆள் தாராளமாக நடக்கிற அகலம். அவர் வாயால் சொன்னது. படுத்திருக்கிற ஒரு ஆளைப் பற்றி அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

"கடப்பாரையக் கொண்டாங்க" என்றார் முத்துக்கருப்பன். தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம். இத்தனை காலம் எங்கே இருந்ததோ தெரியவில்லை. பேயாண்டி தலையைக் குனிந்து நின்றார். பெரியவர்தான் தோளைப் பிடித்தார். "வேணாம் மாப்ள. பொணத்த உள்ள வச்சுக்கிட்டுச் செவத்த இடிக்கப்படாது. நீங்களே நிதானமான ஆளு."

அந்தச் சொல்லைக் கேட்டதும், கடப்பாரைக்கு நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

மாயக்காளை ஒரு ஜமுக்காளத்தில் கிடத்தி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், ஒருக்களித்துத் தூக்கி வந்தார்கள். தலைமாட்டில் முத்துக்கருப்பன். அவர் போர்த்திய கோடிச் சேலையின் முந்தி செங்கல்லில் மாட்டிக்கொண்டது. கையை எடுத்தால் அக்கா விழுந்துவிடுவாள். எடுக்காவிட்டால் நகர முடியாது. யாரோ பின்னாலிருந்து இழுக்க, புதுச் சேலை கிழிந்தது. அவளுடைய முழங்கையைச் சுவரில் படாமல் ஜமுக்காளத்தைப் பிடித்த கையாலேயே மறைத்துக்கொண்டு வந்தார். வெளியே வந்து பார்த்தபோது அவருடைய புறங்கையில் தோல் இல்லை. இதைத்தான் அவள் தினமும் நடந்திருக்கிறாள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பேயாண்டி வீட்டில் வைத்த கருமாதிக்குப் போனபோது சுவர் இல்லை. செங்கற்களை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். முடுக்கு பழையபடி அகலமாகக் கிடந்தது. அதன் கோடியில் மாயக்காளின் கதவும், அதில் சத்யப்ரியா பூட்டிய பூட்டும் தெருவிலிருந்தே தெரிந்தன.

பேயாண்டி பக்கத்தில் வந்து நின்றார். அழுது அழுது அவருக்கும் முகம் வீங்கியிருந்தது.

"மாப்ள, சொல்லாம இருக்க முடியல. அன்னிக்கு நீங்க வாரீகன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. முத்துக்கருப்பன் வந்து ரெண்டு சத்தம் போட்டா தோண்டுன அஸ்திவாரத்த மூடிருவோம், வம்பு வேணாம்னு எம் பொஞ்சாதிகிட்டச் சொல்லித்தான் கொத்தனார நிப்பாட்டி வச்சிருந்தேன். நீங்க சத்தமே போடல. சரி, மதினியோட தம்பிக்கே இது பெருசாப் படலன்னு நெனச்சுக்கிட்டேன்."

முத்துக்கருப்பன் அடுக்கிய செங்கற்களைப் பார்த்தார். பேயாண்டி மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திரும்பி, வந்த வழியே தெருமுனை வரைக்கும் நடந்தார். வழக்கமாக வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்றார்.

"அக்கோவ்" என்று கத்தினார்.

சமையல் வேலையில் இருந்த பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மறுபடியும் கத்தினார். அவருக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது, யாராவது பிடியுங்கள் என்று முனீஸ்வரி அழுதுகொண்டே ஓடி வந்தாள். அவர் குரல் அந்த அகலமான முடுக்கில் எதிலும் முட்டாமல், பூட்டிய கதவு வரைக்கும் போனது. தொண்டை கட்டுகிற வரைக்கும் கூப்பிட்டார். பிறகு பேயாண்டிதான் வந்து, அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய், அடுக்கி வைத்த செங்கல் மேல் உட்கார வைத்தார்.